மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தவர்

டாக்டர் ஜமாலுதீன் காலமான செய்தி டிரங்க் காலில் வந்தது. காலையில் பெண்கள் வார்டைச் சுற்றி முடித்து மாடியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். ஆபீஸ் குமாஸ்தா படிக்கட்டின் அடியில் நின்று, "திருச்சியிலேர்ந்து போன், சார். அவசரமாம்" என்றார். கம்பியில் ஒரே இரைச்சல். பேசியவர் அவருடைய மருமகன். "மாமா மௌத்தாயிட்டாங்க, டாக்டர். விடியக்காலைல. இளையான்குடிக்குக் கொண்டு வர்றோம். அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்." சிரமப்பட்டாரா என்று கேட்டேன். இல்லை, தூக்கத்திலேயே என்றார். அத்துடன் இணைப்பு அறுந்துவிட்டது.

அன்றைக்கு ஒரு குடலிறக்க ஆபரேஷன் இருந்தது. நோயாளியிடம் விஷயத்தைச் சொல்லி அதை மறுநாளைக்குத் தள்ளிவைத்தேன். "மயக்க டாக்டரா? எங்க அண்ணனுக்கு அவுகதான் மயக்கம் குடுத்தாக. போயிட்டு வாங்க, இது எங்கயும் ஓடிராது" என்றார் அவர். காரைக்குடியிலிருந்து இளையான்குடிக்கு நாங்கள் நாலைந்து பேர் ஒரு வாடகைக் காரில் போனோம். அடக்கம் முடிந்து திரும்பும் வழியில் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. மானாமதுரை தாண்டியதும் எங்கள் நர்ஸ் சிஸ்டர் ஸ்டெல்லா, "அவரைப் பத்தி நீங்கதான் எழுதணும், டாக்டர். ஆபரேஷன்ல ஸ்க்ரீனுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நீங்க. இத்தனை வருஷம் அப்படித்தானே இருந்தீங்க" என்றார். எழுதுவது எனக்குப் பழக்கமில்லாத காரியம். அவரோடு வேலை பார்த்தவர்களும் அவர் கையால் மயங்கி விழித்தவர்களும் படிப்பார்கள் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் அவர் எங்கள் தர்ம ஆஸ்பத்திரிக்கு வந்தார். அதற்கு முன்பு இங்கே மயக்க மருந்து கொடுக்கத் தனியாக டாக்டர் கிடையாது. நான் அறுப்பேன், கம்பவுண்டர் நோயாளியின் முகத்தில் துணி முகமூடியை வைத்து, ஈதரைச் சொட்டுச் சொட்டாக விடுவார். ஜமாலுதீன் சென்னையில் அதற்கென்றே படித்தவர். பெரிய ஆஸ்பத்திரிகளில் இருந்திருக்கலாம். வாப்பாவின் உடல்நிலை காரணமாக ஊர்ப்பக்கம் வந்தவர், வாப்பா போன பிறகும் இங்கேயே தங்கிவிட்டார். ஒல்லியான, உயரமான மனிதர். சட்டைப்பையில் எப்போதும் சிகரெட்டும் தீப்பெட்டியும் இருக்கும்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் வார்டுக்குப் போய் நோயாளியின் முகத்துக்கு எதிரே ஒரு தீக்குச்சியைக் கொளுத்திப் பிடிப்பார். "உதட்டைக் குவிக்காம, வாயை நல்லாத் தொறந்துக்கிட்டு ஊதி அணைங்க பாப்போம்" என்பார். அணைந்தால் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். அணையாவிட்டால் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நெடுநேரம் நோயாளியின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருப்பார். உதட்டைக் குவித்து ஊதினால் யாரும் அணைத்துவிடலாம். வாயைத் திறந்துகொண்டு ஊதும்போதுதான் நுரையீரலிலிருந்து காற்று எவ்வளவு வேகத்தில் வெளியே வருகிறது என்பது தெரியும். இந்தச் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். ஊரில் இதைப் பற்றிப் பலவிதமாகப் பேசிக்கொண்டார்கள். மயக்க டாக்டர் தீபம் காட்டி நாள் பார்க்கிறார் என்றுகூடச் சொன்னார்கள். அவர் காதுக்கும் அது வந்தது. "சொல்லிட்டுப் போகட்டும். ஊதுறாங்கல்ல, அது போதும்" என்றார்.

எங்களுக்குள் ஆரம்பத்தில் உரசல் இருந்தது. ஆபரேஷன் அறையில் சர்ஜன் சொல்வதுதான் சட்டம் என்று பழகியவன் நான். ஒருநாள் ஒருவருக்கு வயிற்றைத் திறந்து வேலை செய்துகொண்டிருந்தபோது, திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "கையை எடுங்க, சர்ஜன்." பாதி முடிச்சில் இருந்தேன். ஒரு நிமிஷம் என்றேன். "இப்ப எடுங்க" என்றார். எடுத்தேன். குரல் உயரவே இல்லை. அப்போதுதான் கவனித்தேன், நான் பஞ்சால் ஒற்றிய ரத்தம் சிவப்பு மங்கிக் கறுத்துக்கொண்டு வந்தது. பிராணவாயு போய்ச் சேராத ரத்தத்துக்கு அந்த நிறம். மூச்சுக்குழாய்க்குள் அவர் வைத்திருந்த ரப்பர்க் குழாய் ஓரிடத்தில் மடங்கியிருந்தது. அதை நேராக்கி, காற்றுப் பையை அமுக்கினார். என் கண்ணெதிரே ரத்தம் மறுபடி சிவந்தது. பிறகு கை கழுவும்போது கேட்டேன், எப்படித் தெரிந்தது என்று. "நீங்க நிறத்தைப் பாக்குறீக. நான் சத்தத்தைக் கேக்குறேன். சத்தம் முன்னாடியே மாறிரும்." அதற்குப் பிறகு, கையை எடுங்க என்று அவர் சொன்னால் ஏன் என்று நான் கேட்டதில்லை.

நர்ஸ்களுக்கு வகுப்பு எடுக்கும் பொறுப்பும் அவருக்கு இருந்தது. சுவரில் தொங்கும் படத்தில் அவருக்கு நம்பிக்கை இல்லை. கறிக்கடையில் சொல்லிவைத்து, மூச்சுக்குழல் அறுபடாமல் ஆட்டு நுரையீரலை முழுசாக வாங்கி வருவார். ஆஸ்பத்திரிப் பின்கட்டில் வேப்பமரத்தடியில் மேஜையைப் போட்டு, குழலில் ஒரு ரப்பர்க் குழாயைக் கட்டி வாயால் ஊதுவார். சுருங்கிக் கிடந்த சதை வெளுத்த ரோஜா நிறத்தில் உப்பி, மேஜையை நிறைக்கும். காகங்கள் கூடிவிடும். "தொட்டுப் பாருங்க. ஒரு வாளித் தண்ணில போட்டா மிதக்கும். உள்ள பூராவும் காத்து. கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறைங்க, ஒவ்வொண்ணையும் சுத்தி ரத்தம். நடுவுல இருக்குற சுவர், சோப்பு நுரை மாதிரி அவ்வளவு மெல்லிசு. அந்தச் சுவரைத் தாண்டித்தான் நல்ல காத்து ரத்தத்துக்குள்ள போகுது, கெட்ட காத்து வெளிய வருது. உசிருன்னு நாம சொல்றதெல்லாம் அந்தச் சுவர்லதான் நடக்குது" என்பார். பிறகு வாயை எடுப்பார். நுரையீரல் தானாகச் சுருங்கும். "பாத்தீகளா, வெளிய விடுறதுக்கு அது யாரையும் கேக்கல. உள்ள இழுக்கத்தான் ஆள் வேணும்."

அந்த ஆள் யார் என்பதை வள்ளிக்கண்ணு என்ற பெண்ணின் விஷயத்தில்தான் நாங்கள் எல்லோரும் நேரில் கண்டோம்.

அறுபதுகளின் பிற்பகுதி. ஐப்பசி மழை. கானாடுகாத்தானுக்குப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து விடிந்து சற்று நேரத்தில் ஒரு காரில் அவளைக் கொண்டு வந்தார்கள். இருபது வயதுக்கு மேல் இருக்கும். கூட வந்தவர்கள் கணவன் கருப்பையாவும் தாய்மாமன் பெரியசாமியும். தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தவள், வயிற்று வலி என்று எழுந்து வாந்தி எடுத்திருக்கிறாள். பாய்க்கடியில் கட்டுவிரியன் கிடந்ததைப் பிறகுதான் பார்த்திருக்கிறார்கள். கடித்த தடம்கூட எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அவள் இமைகள் பாதி இறங்கியிருந்தன. பேச்சு மூக்கால் வந்தது. எச்சிலை விழுங்க முடியவில்லை. ஜமாலுதீன் அவளை ஒரே மூச்சில் எண்ணச் சொன்னார். சற்றுப் பொறுத்து மறுபடி எண்ணச் சொன்னார். ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை குறைந்தது. நான் விஷமுறிவு மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தேன். "மருந்து வேலை செய்யட்டும், சர்ஜன். ஆனா அதுவரைக்கும் இது தாங்காது" என்று சொல்லிவிட்டு, அவள் கண்ணுக்கு நேரே குனிந்தார். "தாயி, உன் தொண்டைக்குள்ள ஒரு குழாய் வைக்கப் போறேன். பேச முடியாது. பயப்படாத. மூச்சை நாங்க பாத்துக்கிறோம்." அவள் எண்ணிய கடைசி எண் வாய்க்குள்ளேயே நின்றது.

அந்தக் காலத்தில் மூச்சுவிட வைக்கும் யந்திரம் எங்களிடம் கிடையாது. இருந்தது, கைக்கு அடங்கும் ஒரு கறுப்பு ரப்பர்ப் பை. அமுக்கினால் காற்று நெஞ்சுக்குள் போகும். விட்டால் பை தானே உப்பிக்கொள்ளும். மதுரைக்கு அனுப்பிவிடலாமா என்று நான் கேட்டேன். "போற வழியில ஒரு பள்ளத்துல வண்டி ஏறி எறங்குனா குழாய் நழுவிரும். இங்கயே இருக்கட்டும்" என்றார். அவர் பையை அமுக்க ஆரம்பித்தார்.

மதியத்துக்குள் வள்ளிக்கண்ணு பார்வைக்குப் பிணம் போல ஆகிவிட்டாள். கை, கால், முகம், எதுவும் அசையவில்லை. இமையைத் தூக்கினால் விழி ஒரே இடத்தில் நிலைகுத்தி நின்றது. வெளிச்சம் பட்டும் பாவை சுருங்கவில்லை. கட்டுவிரியன் விஷம் மூளையைத் தொடாது, நரம்பு தசைக்குச் சொல்லும் சேதியைத்தான் தடுக்கும் என்பதைப் புத்தகத்தில் நானும் படித்தவன்தான். அந்தக் கட்டிலின் பக்கத்தில் நின்றுகொண்டு அதை நம்புவது எளிதாக இல்லை.

பெரியசாமி கட்டிலருகே வந்து அவள் இமையைத் தூக்கிப் பார்த்தார். பெரிய மீசைக்காரர். அவர் கண் கலங்கியிருந்தது, குரலில் கோபம். "போயிருச்சுய்யா. இந்தக் கண்ணப் பாருங்க. பொணத்துக்குள்ள எதுக்குக் காத்தடிக்கிறீக? எங்க புள்ளய எங்ககிட்டக் குடுத்துருங்க. பொழுதோட கொண்டுபோய்ச் சேக்கணும்."

ஜமாலுதீன் ஒரு கையால் பையை அமுக்கிக்கொண்டே, மறு கையால் அவர் விரலைப் பிடித்து வள்ளிக்கண்ணுவின் கழுத்தோரம் வைத்தார். நாடி ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப ஏன் முழிக்க மாட்டேங்குது?"

"முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கு. கண்ணைத் தொறக்க முடியல, அவ்வளவுதான். நாம பேசுறது அம்புட்டும் அதுக்குக் கேக்குது. பாத்துப் பேசுங்க."

பெரியசாமி விரலை எடுத்துக்கொண்டார். நம்பினாரா என்று சொல்ல முடியாது. ஆனால் எடுத்துக்கொண்டு போவதைப் பற்றி அன்று மறுபடி பேசவில்லை.

ஒருவரே தொடர்ந்து பை அமுக்க முடியாது. விரல்கள் மரத்துவிடும். நர்ஸ்கள் முறை வைத்துக்கொண்டார்கள். நானும் அமுக்கினேன். அதுவும் போதவில்லை. கருப்பையாவைக் கூப்பிட்டுப் பையைக் கையில் கொடுத்தார் ஜமாலுதீன். அவன் வேகவேகமாக அமுக்கினான். "உன் மூச்சைப் பாத்து அமுக்காத, தம்பி. பயத்துல உனக்கு மூச்சு வாங்குது. என் கையைப் பாரு. அமுக்கு. விடு. நெஞ்சு எறங்குற வரைக்கும் பொறு. வெளிய வராம உள்ளேயே தள்ளிக்கிட்டிருந்தா பிரயோசனம் இல்ல." சிறிது நேரத்தில் அவன் கை ஒரு நிதானத்துக்கு வந்தது.

இதற்கிடையில் அவர் ஒரு காரியம் செய்துகொண்டிருந்தார். முதலில் அது எனக்கு விசித்திரமாகத்தான் பட்டது. கட்டிலின் தலைமாட்டில் முக்காலியில் உட்கார்ந்து, வள்ளிக்கண்ணுவின் காதருகே பேசிக்கொண்டே இருந்தார். நான் வார்டுக்குள் வரும்போதெல்லாம் அந்தப் பேச்சின் ஏதாவது ஒரு பகுதி காதில் விழும்.

"தாயி, நான் மயக்க டாக்டர் பேசுறேன். உன் நுரையீரலுக்கு ஒண்ணும் ஆகல. நல்லா இருக்கு. அதுக்குச் சொந்தமாச் சதை கெடையாது, தானா இழுக்கத் தெரியாது. நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல தட்டு மாதிரி ஒரு சதை இருக்கு. அது கீழ எறங்குனா நெஞ்சுக்குள்ள எடம் கூடும், காத்து தன்னால உள்ள வரும். விலா எலும்புக்கு எடையில இருக்குற சதையும் கூடமாட ஒத்தாசை பண்ணும். தூங்கும்போதும் மூளைலேர்ந்து அதுகளுக்கு உத்தரவு போய்க்கிட்டே இருக்கும். இப்பவும் போகுது. ஆனா சதைக்குக் கேக்கல. விஷம் நடுவுல நின்னு மறிக்குது. அது எறங்குனதும் கேக்கும்."

இன்னொரு முறை வந்தபோது, "நெஞ்சு விரியுறது உனக்குத் தெரியுதுல்ல? வித்தியாசமா இருக்கும். நீயா மூச்சு விடும்போது இழுப்ப. இப்ப நாங்க வெளியேர்ந்து தள்ளுறோம். அதான் முட்டுற மாதிரி இருக்கும். அதுக்குப் பயப்படாத. இப்ப அமுக்குறது உன் வீட்டுக்காரர். நல்லாத்தான் அமுக்குறாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மூக்கு வழியாகப் போகும் காற்று எப்படிச் சூடேறி ஈரமாகிறது, தூசு எங்கே தங்குகிறது, இப்போது குழாய் வழியாகக் காற்று நேரே போவதால் அந்த வேலை நடக்கவில்லை, அதனால்தான் அடிக்கடி சளியை உறிஞ்சி எடுக்கிறோம், உறிஞ்சும்போது கொஞ்சம் மூச்சு முட்டும் என்று ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன்னால் சொன்னார். தொழப் போகும்போதும் சாப்பிடப் போகும்போதும் சொல்லிவிட்டுத்தான் எழுந்தார். பக்கத்துக் கட்டில்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் கருப்பையா அமுக்கியபடியே கண் சொருகினான். பெரியசாமி ஒன்றும் சொல்லாமல் வந்து அவன் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டார். முதல் தடவை அமுக்கியதும் அவள் நெஞ்சு உயர்ந்தது. அவர் திடுக்கிட்டு ஜமாலுதீனைப் பார்த்தார். "அதான்" என்றார் ஜமாலுதீன். அன்று பகல் முழுதும் பையைப் பெரும்பாலும் பெரியசாமிதான் வைத்திருந்தார். வேறு யாராவது கேட்டால், "இருக்கட்டும், இருக்கட்டும்" என்றார்.

அதற்கடுத்த நாள் பிற்பகலில் அவர்தான் கத்தினார். "டாக்டரய்யா! இங்குட்டு வாங்க! நான் அமுக்கல, பை தானாக் குழியுது!" ஓடிப்போய்ப் பார்த்தோம். அமுக்குவதற்குச் சற்று முன்பே பை உள்ளே இழுபட்டது. மிகச் சின்ன அசைவு. ஜமாலுதீன் போர்வையை விலக்கி அவள் மேல்வயிற்றில் உள்ளங்கையை வைத்தார். "தட்டு எறங்குது, தாயி. உனக்குத் தெரியுதா? அது நீதான்" என்றார். அவர் குரல் அப்போதும் உயரவில்லை. ஆனால் உடனே கையை எடுத்துவிடவும் இல்லை. தொண்டையிலிருந்து குழாயை எடுக்க இன்னும் ஒருநாள் பொறுத்தார். நான் அவசரப்பட்டேன், அவர் மறுத்துவிட்டார்.

குழாயை எடுத்த பிறகு அவளுக்குக் குரல் கரகரத்தது. முதலில் தாய்மாமனைத்தான் தேடினாள். "மாமா, நான் பொணமா?" என்றாள். பெரியசாமி அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் அழுததை வார்டே பார்த்தது. அவள் அதற்குள் ஜமாலுதீன் பக்கம் திரும்பி, "அந்தச் சதை முழிச்சிருச்சா?" என்று கேட்டாள்.

அவளுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. பிற்பாடு சிஸ்டர் ஸ்டெல்லாவிடம், "அவுக பேசிக்கிட்டு இருந்தா பயமில்ல. எந்திரிச்சுப் போனப்பதான் பயம். பையை யாரு வச்சிருக்காகன்னு தெரியாது. சத்தமே இருக்காது. இத்தோட விட்டுருவாகளோன்னு இருக்கும்" என்று சொல்லியிருக்கிறாள். ஸ்டெல்லா இதை வந்து சொன்னபோது, பாராட்டுக்கு ஜமாலுதீன் மகிழ்வார் என்று எதிர்பார்த்தோம். அவரோ, "அடுத்த தடவை நான் எந்திரிச்சா இன்னொருத்தர் பேசணும். யார் பையை வச்சிருக்காங்களோ அவுக பேசட்டும்" என்றார். அன்றிலிருந்து அது எங்கள் வார்டில் வழக்கமாயிற்று.

வள்ளிக்கண்ணு பிழைத்த கதை சுற்று வட்டாரமெல்லாம் பரவியது. அதனால் வேறொரு சிரமமும் வந்தது. பிள்ளையார்பட்டிப் பக்கம் கிணற்றில் விழுந்து நேரம் கழித்து எடுக்கப்பட்ட ஒருவரைக் கொண்டு வந்தார்கள். நாடி ஓடவில்லை. செய்யக்கூடியதைச் செய்து பார்த்துவிட்டு ஜமாலுதீன் பையைக் கீழே வைத்தார். இறந்தவருடைய அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் புள்ளைக்கு நாள்கணக்கா அமுக்குனீகளாமே, எங்களுக்கு மட்டும் ஏன் நிறுத்துறீக? நாங்க அமுக்குறோம், குடுங்க" என்றார். ஜமாலுதீன் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. "அங்க ரத்தம் ஓடிக்கிட்டு இருந்துச்சு. நாங்க குடுத்த காத்தை அது கொண்டுபோய்ச் சேத்துச்சு. இங்க வாங்கிக்கிறதுக்கு ஆள் இல்ல. குடுத்தா உங்க மனசுக்கு ஆறுதலா இருக்கும், அவருக்கு ஒண்ணும் ஆகாது. அதை நான் செய்யக் கூடாது" என்றார். அவர்கள் கோபத்துடன்தான் போனார்கள்.

அவர் புகைத்ததைச் சொல்லாமல் விட முடியாது. ஈதர் தீப்பிடிக்கும் என்பதால் ஆபரேஷன் நடக்கும் வேளையில் தொடமாட்டார். முடிந்ததும் எதிரே ஊருணிக் கரைக்குப் போய்விடுவார். நுரையீரலைப் பற்றி இவ்வளவு தெரிந்தவர் இப்படிச் செய்யலாமா என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "தெரிஞ்சுக்கிறது ஒரு சதையோட வேலை, சிகரெட்டை விடுறது வேற சதையோட வேலை, சர்ஜன்" என்று சிரித்தார். எழுபதுகளின் நடுவில் அவருக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஒருநாள் கை கழுவும் இடத்தில் தானே சொன்னார். "நேத்து வீட்டுல நானே குச்சியைக் கொளுத்தி நானே ஊதிப் பாத்தேன். அணையல." அந்த மாதமே வேலையை விட்டார். "மூச்சை ஒழுங்காக் கேக்கணும்னா நம்ம மூச்சுச் சத்தம் குறுக்க வரக் கூடாது" என்பது அவர் சொன்ன காரணம். சிகரெட்டையும் அப்போதுதான் விட்டார். மனைவி ஜுலைகாவோடு திருச்சியில் மகள் வீட்டுக்குக் குடிபோனார்.

கடைசியாக அவரைப் பார்த்தது இரண்டு மாதங்களுக்கு முன்பு. கட்டிலில் சாய முடியாமல், முன்னால் குனிந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். உதட்டைக் குவித்து மெல்ல மெல்லக் காற்றை விட்டார். இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு தேவைப்பட்டது. "பேச வேணாம்னு சொல்லுங்க டாக்டர். நாங்க சொன்னாக் கேக்குறதில்ல" என்றார் ஜுலைகா. அவர் கையை அசைத்து அதைத் தள்ளினார்.

"எல்லாரும் எனக்குக் காத்து பத்தலைன்னு நெனைக்கிறாங்க. விசிறியை எடுத்துக்கிட்டு வர்றாங்க. உள்ள நெறையக் கெடக்கு, சர்ஜன். வெளிய போக மாட்டேங்குது. அந்தச் சின்ன அறைச் சுவரெல்லாம் ஒடைஞ்சு ஒண்ணோட ஒண்ணு சேந்து தொளதொளன்னு ஆயிருச்சு. சுருங்குறதுக்குத் தெம்பு இல்ல. பழைய காத்து எடத்தைப் புடிச்சுக்கிட்டு இருக்கு, புதுசு எங்குட்டு வரும்?" இடையிடையே நிறுத்தி, நிறுத்தி, இதைச் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. வேறு யாருடைய நெஞ்சைப் பற்றியோ பேசுவது போலவே சொன்னார்.

சற்று ஓய்ந்த பிறகு என் பக்கம் குனிந்தார். "ஒண்ணு சொல்லணும். எனக்கு முத்திப்போய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனா, குழாய் வைக்க வேணாம். பையும் வேணாம். இப்ப யந்திரமே வந்திருச்சாம். அதுவும் வேணாம்."

நான் வள்ளிக்கண்ணுவை நினைவூட்டினேன்.

"அவளுக்கு விஷம் எறங்குற வரைக்கும் அமுக்குனோம். எனக்கு எது எறங்குற வரைக்கும்?"

அவரே தொடர்ந்தார்.  "ஜுலைகாகிட்டச் சொல்லிட்டேன். மாப்பிள்ளைகிட்டயும் சொல்லிட்டேன். உங்ககிட்டச் சொல்லத்தான் யோசனையா இருந்துச்சு. நீங்க டாக்டர், எதையாச்சும் செய்யணும்னு தோணும்" என்றார். மறுபடி மூச்சைச் சேர்த்துக்கொண்டு, "நாம எந்த நோயாளிகிட்டயாச்சும் குழாய் வேணுமான்னு கேட்டிருக்கமா, சர்ஜன்? பேச்சிருக்கும்போதே கேட்டா, அவுகளே சொல்லியிருப்பாங்க. வாசல்ல நிக்கிறவங்களைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தோம்" என்றார். பிறகு எங்கள் பேச்சு ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருக்கும் மயக்க மருந்து டாக்டரைப் பற்றிப் போயிற்று. பையன் நன்றாகச் செய்கிறானா என்று கேட்டார். செய்கிறான் என்றேன். திருப்தியாகத் தலையசைத்தார்.

அவர் விரும்பியபடியே நடந்தது. குழாய் வைக்கவில்லை. வீட்டில், ஜுலைகா பக்கத்தில் இருக்க, தூக்கம் ஆழமாகி மூச்சு மெதுவாகி நின்றிருக்கிறது. ரத்தத்தில் கெட்ட காற்று சேரச் சேர மயக்கம் தானாக வரும். அதற்கு ஈதர் தேவையில்லை. இது வைத்தியம் படித்தவர்களுக்குத் தெரிந்ததுதான். அந்த வீட்டாருக்கு அவரே முன்கூட்டிச் சொல்லிவைத்திருந்ததால், யாரும் பதறவில்லை என்று மருமகன் அடக்கத்தின்போது சொன்னார்.

அவரிடம் பலர் பலதைக் கற்றிருப்பார்கள். எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது திருச்சியில் அவர் கேட்ட அந்தக் கேள்வியைத்தான். போன வாரம் பள்ளத்தூரிலிருந்து ஒரு பெரியவர் வந்து சேர்ந்தார். நெடுநாள் நெஞ்சு நோய், வயது எழுபதுக்கு மேல். மகன்கள் மூவரும் அறை வாசலில் என்னை மறித்து, "எங்க அப்பச்சிக்கு என்ன செய்யணுமோ அம்புட்டும் செஞ்சுருங்க, டாக்டர்" என்றார்கள். வழக்கமாக அந்த இடத்தில் சரி என்று சொல்லிவிட்டு உள்ளே போய் வேலையைத் தொடங்குவேன். அன்று அவர்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மூச்சு முடியாமல் போனால் குழாய் வைத்து யந்திரத்தில் போடலாம், அப்படிப் போட்டால் என்ன ஆகும், போடாவிட்டால் என்ன ஆகும் என்று மறைக்காமல் சொன்னேன். உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன்.

அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். இதுவரை யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை என்பது தெரிந்தது.

"யோசிக்கணும். நாளைக்கு வாங்க" என்றார்.

மறுநாள் போனேன்.